இரண்டும் சேர்ந்து போனால்

மியான்மரின் யாங்கோனில் மின்சாரம் திரும்பி வரும்போது தெருவே கூவிச் சொல்லும். "மீ லா ப்யி!" என்று மாடிக்கு மாடி குரல் கேட்கும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள். நான் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு அடுத்த அரை மணி நேரத்துக்குள் யாராவது கூப்பிடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் கூப்பிட்டவர் பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு மண்டியின் கணக்குப்பிள்ளை. எழுபதை நெருங்குகிறவர். இந்தியாவுக்குக் கப்பலேறும் உளுந்துக்கான கணக்கு முழுக்க அவர் கையில்தான். "தம்பி, கீபோர்டும் போச்சு, மவுசும் போச்சு. திரையில எல்லாம் தெரியுது, கையை மட்டும் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்றார். இந்தப் பழுதை இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போய்ப் பார்த்தேன். அந்தக் கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலமும் பர்மிய எழுத்தும் அச்சிட்டு வந்தது. மூன்றாவதாகத் தமிழை ஐயாவே சேர்த்திருந்தார். வெள்ளைத் தாளில் பொடிப்பொடியாக எழுதி, நறுக்கி, ஒவ்வொரு கட்டைக்கும் மேலே டேப் ஒட்டியிருந்தார். 'ம' தேய்ந்துபோய் இரண்டாம் முறை எழுதியது நீல மையில் தனியாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்களை அவர் தட்டுவது இதில்தான். பத்து வருடத் தாள்கள் அந்த ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

முதல் நாள் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். மெஷினை நிறுத்தி, பவர் வயரைப் பின்னாலிருந்து பிடுங்கினேன். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். கம்ப்யூட்டரை 'ஷட் டவுன்' செய்தாலும் வயர் செருகியிருக்கும்வரை பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஒன்று மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பல மெஷின்களில் நிறுத்திய பிறகும் மவுசின் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். வயரைப் பிடுங்கினால்தான் அது முழுசாக இறங்கும். ஐயா வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்து போட்டேன். கீபோர்டில் நம்லாக் விளக்கு எரிந்தது, மவுசும் ஓடியது. கரண்ட் போய் வந்த அதிர்ச்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாளில் மறுபடி போனது. நான் அப்போது பகோவில் இருந்தேன். வேறொருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கீபோர்டு எரிந்துவிட்டது என்று அவர் சொல்ல, புதுசு வாங்கி மாட்டியும் வேலை செய்யவில்லை. "அப்போ விண்டோஸ் போயிடுச்சு, டிஸ்க்கை அழிச்சுப் புதுசாப் போடணும்" என்றாராம். ஐயா கணினி தெரிந்தவர் இல்லை. ஆனாலும் மெஷின் முன்னால் கையை நீட்டித் தடுத்து, "அந்தப் பையன் வரட்டும்" என்று நிறுத்தி வைத்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. முதல் நாளே நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காது.

இந்தத் தொழிலில் நான் மதிக்கும் ஒரே கணக்கு இதுதான்: கீபோர்டு மட்டும் போனால் கீபோர்டைச் சந்தேகப்படலாம். மவுஸ் மட்டும் போனால் மவுசை. இரண்டும் ஒரே நிமிடத்தில் போனால் இரண்டின் மேலும் குற்றம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். அன்று எனக்கு இது தெரியாமல் இல்லை. சரியாகிவிட்டதே என்ற நிம்மதியில் காரணத்தைத் தேடாமல் எழுந்துவிட்டேன்.

பகோவிலிருந்து திரும்பியதும் நேராக மண்டிக்குப் போனேன். விண்டோசா, இல்லையா என்பதை முதலில் தீர்த்துக்கொண்டேன். மெஷினைப் போட்டதும் டெலீட் கட்டையைத் தட்டினால் பயாஸ் திரை, அதாவது மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை, வர வேண்டும். அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. பயாசில் கீபோர்டு வேலை செய்து, விண்டோஸ் வந்த பிறகு செத்தால், கீபோர்டை விண்டோசுக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருளைப் பார்க்கலாம். இங்கே பயாசே வரவில்லை. ஆகவே டிஸ்க்கில் கைவைக்க எந்த நியாயமும் இல்லை.

அழித்துப் போட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறொரு கதையும் உண்டு. 2015இல் இன்டெலின் ஆறாம் தலைமுறை சிப்கள் வந்தபோது கீபோர்டையும் மவுசையும் மாட்டும் யூஎஸ்பி போர்ட்களை இயக்கும் பழைய 2.0 கட்டுப்படுத்தியை அதில் எடுத்துவிட்டார்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7 நிறுவும் டிஸ்க்குக்குப் புதிய கட்டுப்படுத்தியைத் தெரியாது. இங்கே பலரும் பழக்கத்தால் அந்த டிஸ்க்கையே போட்டார்கள். நிறுவும் திரை வந்து நிற்கும். 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்தக் கீபோர்டும் இல்லை, மவுசும் இல்லை. இருந்ததை அழித்துவிட்டு அந்தத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு பழைய பிஎஸ்/2 கீபோர்டு இருக்கும். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த வட்டமான செருகி; கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை என்று பின்னாளில் நிறம் வந்தது. இதை மெஷின் ஓடும்போது மாட்டக்கூடாது, நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டி ஓட்டினேன். டெலீட் தட்டியதும் பயாஸ் வந்தது. மதர்போர்டுக்கு உயிர் இருக்கிறது, யூஎஸ்பிக்குத்தான் இல்லை.

அடுத்து, நுனியில் வெட்டிய ஒரு யூஎஸ்பி வயர். உள்ளே நாலு கம்பி: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு எர்த், பச்சையும் வெள்ளையும் டேட்டா. பின்பக்கப் போர்ட்டில் செருகி, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். ஐந்து வர வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூட வரவில்லை. மற்ற போர்ட்களிலும் அப்படியே. எங்கேயோ ஒரு இடத்தில் சிவப்பு கறுப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பெட்டியின் முன்பக்கப் போர்ட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பு நாக்கு இருக்க வேண்டும். அது முறிந்து பின்னால் மடங்கியிருந்தது. நாலு செப்புத் தகடுகளில் 5 வோல்ட் வரும் ஓரத் தகடு வளைந்து, எர்த்தோடு சேர்ந்த தகரக் கூட்டின் மேல் சாய்ந்து நின்றது. ஒரு மயிரிழைதான், பெட்டியைக் காலால் இடித்தால் விலகும், இன்னொரு இடியில் ஒட்டும். பெட்டியைத் திறந்து, முன்பக்கப் போர்ட்டுக்குப் போகும் ஒன்பது முனை இணைப்பை மதர்போர்டிலிருந்து உருவினேன். பவரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்து மறுபடி போட்டேன். மீட்டரில் 5.02. ஐயாவின் கீபோர்டை மாட்டினேன், விளக்கு எரிந்தது.

அப்போதுதான் முதல் நாள் நடந்தது எனக்குப் புரிந்தது. போர்டில் யூஎஸ்பிக்குப் போகும் வழியில் பாலிஃப்யூஸ் என்று ஒன்று உண்டு. மின்னோட்டம் மிஞ்சினால் சூடாகி வழியை அடைக்கும், ஆறினால் தானே திறக்கும். டீ குடித்த நேரத்தில் அது ஆறியிருக்கிறது. பெட்டியை இழுத்து வைத்ததில் தகடும் விலகியிருக்கிறது. நான் அரை நிமிடம் பட்டனை அழுத்தியதில்தான் சரியானது என்று நினைத்துக்கொண்டேன். அந்த முறை இன்னும் செய்கிறேன், பல மெஷின்கள் அதில் எழுந்திருக்கின்றன. ஆனால் எழுந்த பிறகு ஏன் விழுந்தது என்று பார்க்காமல் இப்போது கிளம்புவதில்லை.

போர்ட் எப்படி முறிந்தது என்று நான் கேட்கவில்லை. சாக்கு அடுக்குகிற பையன் ஓரமாக நின்றிருந்தான். பதினாறு வயது இருக்கும். என் டார்ச் அந்தப் போர்ட்டில் விழுந்தபோதே முகம் மாறிவிட்டது. "சயா..." என்று, பர்மிய மொழியில் சார் என்பதுபோல, தொடங்கி நிறுத்தினான். கரண்ட் இல்லாத இரவுகளுக்காக எல்லாரும் பகலில் அந்தப் போர்ட்டில்தான் போனையும் சின்ன விளக்கையும் சார்ஜ் போடுகிறார்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லி ஆம்பியர்; கீபோர்டுக்கும் மவுசுக்கும் அது தாராளம், போனுக்குப் பற்றாது. பாதி இருட்டில், அவசரத்தில், தலைகீழாகத் திணிக்கிற கை யாருடையதாகவும் இருக்கலாம். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற பையனை அதற்காக நிறுத்தி வைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. "ரொம்ப நாள் உழைச்ச போர்ட், ஐயா. தேய்ஞ்சு உடைஞ்சிருக்கு" என்றேன். தேய்ந்ததும் உண்மைதான்.

ஐயா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார்.

முதல் வேலையாகப் பயிற்சித் தாள்களையும் கணக்கையும் இரண்டு பென்டிரைவில் எடுத்தேன். ஒன்றை ஐயா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஒன்று என் கடையில் இருக்கிறது. சார்ஜ் போடுவதற்குச் சுவரோரம் தனியாக ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். முறிந்த போர்ட்டின் மேல் ஒட்ட ஐயா ஒரு அட்டையில் தமிழில் எழுதினார்: "இங்கே எதையும் செருக வேண்டாம்." பையன் பேனாவை வாங்கி, கீழே பர்மிய மொழியில் அதையே நிதானமாக எழுதி ஒட்டினான்.