ஃபைன் கட்டியாச்சு, முடிஞ்சு போச்சு என்று நினைத்தோம்

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு சித்தி பையன் போன் பண்ணினான். அந்த நேரத்தில் போன் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் மனசு நினைக்கும். இவன், "அண்ணே, மறுபடியும் ஊத வெச்சுட்டாங்க" என்றான்.

சொந்தமாகக் குட்டியானை வைத்திருக்கிறான், திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறான். முந்தின ராத்திரி நண்பன் வீட்டு ரிசப்ஷன், பன்னிரண்டு மணி வரை குடித்திருக்கிறான். மூன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, டீ குடித்துவிட்டு, "நல்லா தெளிவாத்தாண்ணே இருந்தேன்" என்கிற நிலையில் வண்டியை எடுத்திருக்கிறான். மெஷின் 74 காட்டியது. சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும், டீயோ குளியலோ மோரோ அதை ஒரு நிமிஷம்கூட வேகப்படுத்தாது. படுக்கும்போது 140 இருந்திருந்தால் நாலரை மணிக்கு 70-க்கு மேல் இருக்கத்தான் செய்யும். தெளிவாக இருப்பது வேறு, ரத்தத்தில் இருப்பது வேறு.

சரி, அவன் சொன்னதில் என்னை உறுத்தியது அந்த "மறுபடியும்".

நாலு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் மாட்டினான். அப்போதும் நான்தான் கூடப் போனேன். ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே ஃபைன் கட்டிவிட்டுப் போவது போல இதை முடிக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பெயரைக் கூப்பிட்டார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள், "ஆமாங்கய்யா" என்றான், 10,000 ரூபாய் கட்டினோம், வெளியே வந்து புரோட்டா சாப்பிட்டோம். மொத்தமே இரண்டு நிமிஷம். அந்த "ஆமாங்கய்யா"வுக்குப் பெயர் தண்டனைத் தீர்ப்பு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. ஃபைன் என்றால் பணம் கொடுத்துக் கணக்கை மூடுவது என்று நாம் நினைக்கிறோம். அன்றைக்குத்தான் கணக்கே ஆரம்பித்திருக்கிறது.

இந்தத் தடவை வக்கீல் ஆபீஸுக்குப் போகும் வழியெல்லாம் அவன் ஒரே நம்பிக்கையோடு வந்தான். "மூணு வருஷம் தாண்டிடுச்சுண்ணே, இதுவும் முதல் கேஸ் மாதிரிதான்." எவனோ டீக்கடையில் சொன்னது. பழைய சட்டத்தில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான், மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாவது குற்றம். 2019 திருத்தத்தில் அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து மாட்டினாலும் இரண்டாவது இரண்டாவதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும். அடுத்த தடவைக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது 15,000 அல்லது இரண்டும். தொகையை மட்டும் பார்த்துவிட்டு "அஞ்சாயிரம்தானே கூட" என்றான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

ஜெயில் வாசல் வரை போகவில்லை. 15,000 ரூபாய் அபராதம், அதோடு கோர்ட் கலையும் வரை சிறை. கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும். சாயங்காலம் வரை பின்பக்க பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், டீ குடிக்கக்கூட எழுந்து போக முடியாது. மதியம் சித்தி போன் பண்ணினார், "லோடு இறக்குறான் சித்தி" என்று நான் பொய் சொன்னேன்.

உண்மையான அடி லைசென்ஸில்தான். இந்தக் குற்றத்துக்கு கோர்ட் தண்டித்தால் குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தகுதியிழப்பு செய்தாக வேண்டும் என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. அது தனி. போலீஸ் பறிமுதல் செய்த லைசென்ஸ் ஆர்டிஓவுக்குப் போகும். அங்கே முதல் தடவை என்றால் மூன்று மாதம், அடுத்த தடவை என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம், ரத்தானவர் பெயரைப் பொதுவெளியில் போடவும் 19-ஆவது பிரிவில் இடம் வைத்திருக்கிறார்கள். பெயரைப் போடுவதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை, அவன் தெருவில் அது ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வண்டிக்கு இன்னும் பதினாலு மாதத் தவணை இருக்கிறது. இப்போது நாள் கூலிக்கு ஒரு டிரைவர். இவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் மூட்டை இறக்குகிறான்.

பக்கத்து சீட்டு என்றதும் இன்னொன்று. குடித்தவனை ஓட்டவிட்டுக் கூடப் போகிறவர்களும் தப்ப முடியாது. உடந்தை என்று 188-ஆவது பிரிவில் 2022-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அவர்கள் மேலும் வழக்குப் போட ஆரம்பித்தது. அப்புறம் இன்சூரன்ஸ்: குடித்துவிட்டு இடித்தால் உங்கள் வண்டிக்கான கிளெய்மைக் கம்பெனி மறுக்கலாம், ஊதிப் பார்த்த ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் மற்ற ஆதாரங்களை வைத்தே மறுக்கலாம் என்று 2021-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ஒரு கையால் டாஸ்மாக்கில் விற்று இன்னொரு கையால் ரோட்டில் பிடிக்கிறார்கள் என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அந்த நாலரை மணிக்கு மார்க்கெட் ஓரத்தில் தரையில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டு பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கால்களை மட்டும் மடக்கிக்கொள்வார்கள். அதனால் இவனுக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை ஆர்டிஓ ஆபீஸில் விசாரணை. ரத்து செய்யும் முன் நம் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கலாம். "நீங்கதாண்ணே நல்லா எழுதுவீங்க" என்று வெள்ளைத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அனுப்புநர், பெறுநர், ஐயா வணக்கம் வரை எழுதிவிட்டேன்.