நீர்க்காகம் எங்கே எழும்?

அடுத்த ஊருக்கான வண்டி மாலையில்தான் என்று தெரிந்ததும், பொழுதைக் கழிக்க ஓர் இடம் தேடித்தான் மலைகளுக்கு நடுவே இருந்த அந்த ஏரிக்கரைக்குச் சென்றேன். மன அமைதியைத் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீர்ப்பரப்பைக் கண்டவுடன் மனம் அடங்கிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி நேரவில்லை. கரையில் அமர்ந்ததும், முடிக்காமல் விட்டு வந்த வேலைகளும் பதில் அனுப்பாத செய்திகளும் முன்னிலும் வேகமாக வந்து முட்டின. வெளியிரைச்சல் ஓய்ந்தால் உள்ளிரைச்சல் உரக்கக் கேட்கும் போலும். வந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கட்டத்திலேயே சில படங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஏரி தன் வேலையைத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

என்னை அங்கே பிடித்து உட்கார வைத்தது ஒரு நீர்க்காகம். கழுத்து மட்டும் தெரிய நீந்தி வந்து சட்டென்று முங்கும். முங்கிய இடத்திலிருந்து வட்டம் வட்டமாக விரியும் சிற்றலைகள் கரையைத் தொடுவதற்குள் வேறெங்கோ தலை நீட்டும். எங்கே எழும் என்று நானாக ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு காத்திருப்பேன். பெரும்பாலும் அதற்கு எதிர்ப்புறத்தில்தான் எழுந்தது. தோற்றால் இழப்பில்லை, வென்றால் பயனும் இல்லை என்ற அந்த விளையாட்டில் மூழ்கியிருந்தபோது, அலுவலகக் கவலைகள் எப்போது விலகின என்பதையே நான் கவனிக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1980களில் விரித்துரைத்த கருத்து ஒன்று இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. கணக்குப் பார்க்கும்போதும் அறிக்கை எழுதும்போதும் பிற சிந்தனைகளை விலக்கி வைத்து வலிந்து கவனம் செலுத்துகிறோம். அந்த ஆற்றல் களைத்துப்போனால் எரிச்சலும் தடுமாற்றமும் தலைகாட்டுகின்றன. மேகம், இலையசைவு, அலை போன்றவையோ நம்மை வற்புறுத்தாமல் ஈர்ப்பதால், களைத்த ஆற்றல் மீண்டு வர இடம் கிடைக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஏரியில் இத்தகைய ஈர்ப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. காலடியில், கரையோரத் தெளிநீரில், நீர்மேல் நடக்கும் பூச்சிகள் சறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றின் கால்கள் நீரின் மேற்பரப்பைக் கிழிக்காமல் சிறு குழிகளாக அழுத்துகின்றன. அக்குழிகள் ஒளியை விலக்கிவிடுவதால், அடிமணலில் இழை போன்ற கால்களின் நிழலுக்கு மாறாக, ஒளிரும் விளிம்புடைய கரும்பொட்டுகள் உருண்டு செல்கின்றன. பூச்சியை விட்டுவிட்டு அந்தப் பொட்டுகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. அருகிலுள்ள திரையைப் பார்க்கும்போது இறுகும் விழித்தசை, எதிர்க்கரையைப் பார்க்கையில் தளர்கிறது. (கைப்பேசியைப் பையில் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.)

கவலைகளின் காரணம் எதையும் ஏரி தீர்த்துவிடுவதில்லை. அந்த வேலைகள் அப்படியேதான் காத்திருந்தன. அவற்றுள் எது அவசரம், எது அவசரமில்லை என்று மாலையில் பிரித்துப் பார்க்க முடிந்தது, அவ்வளவே. தூக்கத்தையும் உணவையும் கெடுக்கும் அளவுக்கு மனச்சுமை நீடித்தால், மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

போக விரும்புவோருக்கு விடியற்காலையைப் பரிந்துரைப்பேன். நிலம் நீரைவிட விரைவாகச் சூடேறுவதால், வெயில் ஏற ஏற ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். பிறகு நீர்ப்பரப்பு கலைந்து, சிறு அசைவுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். கிழக்குக் கரையில் அமர்ந்தால் காலை வெயில் முதுகுப்புறம் விழும், கண் கூசாது. படகு ஏறும் துறையிலிருந்து சற்றுத் தள்ளி இடம் பிடியுங்கள்.