ஆட்டு ஈரலா, தம்பி?

வேலூரில் ஒரு கேபிள் டிவியில் செய்தி எடிட்டராக இருந்தேன். குழாய் உடைப்பு, கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், நடுவில் நகைக்கடை விளம்பரம். அதுதான் எங்கள் உலகம்.

2016 ஜூலையில் உருகுவே வழக்கின் தீர்ப்பு வந்தது. சிகரெட் பெட்டியில் 80 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை போடச் சொன்னதற்காக அந்தச் சின்ன நாட்டை பிலிப் மோரிஸ் என்கிற சிகரெட் கம்பெனி 2010-இல் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுத்திருந்தது. கம்பெனி தோற்றது. செலவுக்காக 70 லட்சம் டாலரும் கட்டச் சொன்னார்கள். இந்த வழக்கை முந்தின ஆண்டு பிப்ரவரியிலேயே அமெரிக்க டிவியில் நையாண்டி நிகழ்ச்சி நடத்தும் ஜான் ஆலிவர் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். கவ்பாய் தொப்பி போட்ட சீக்கு நுரையீரல் ஒன்றை 'ஜெஃப்' என்று அந்தக் கம்பெனியின் மார்ல்போரோ சிகரெட்டுக்குப் புது முகமாக்கி, உருகுவேயில் விளம்பரப் பலகை வைத்தார், அதே கம்பெனி மிரட்டிய ஆப்பிரிக்க நாடான டோகோவுக்கு அந்தப் படம் போட்ட சட்டை அனுப்பினார்.

நாமும் செய்வோம் என்றேன். பஞ்சு, சிவப்புப் பெயின்ட், கறுப்பு மை. தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. குடியாத்தம் போனோம். பீடி, தீப்பெட்டி, லுங்கி மூன்றும் தயாராகிற ஊர். புகைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்!

திண்ணையில் ஓர் அம்மா மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கத்திரியால் இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுகிற வேகத்தை கேமராவால் பிடிக்கவே முடியவில்லை. பொம்மையைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா தம்பி இது, ஆட்டு ஈரலா?"

தெருவே சிரித்தது. அப்புறம் நான் கதையைச் சொன்னேன். வழக்கு, நஷ்டஈடு, கோடிகள். பொறுமையாகக் கேட்டார், நடுவில் இரண்டு முறை இருமினார்.

"அம்மாம் பெரிய கம்பெனியா? அப்போ ஆயிரத்துக்கு இன்னா கூலி குடுக்கறான்?"

என்னிடம் பதில் இல்லை. அங்கே மெஷின் சுற்றுகிறது என்று சொல்லியிருக்கலாம். இவருக்கு அது ஆறுதலா, பயமா?

எடிட்டிங்கில் ஈரலை வைத்துக்கொண்டேன், கூலியை வெட்டினேன். அதற்குச் சிரிப்பு வராது என்று தோன்றியது. நிகழ்ச்சி நன்றாகவே போனது, முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு செய்திக்காக அதே தெருவில் வண்டியை நிறுத்தினேன். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"தம்பி, கேட்டியா அந்தக் கம்பெனிக்காரன?"