எர்பில் இக்காமாவும் கிர்குக் சாலையும்

ஈராக்கில் குர்திஸ்தான் பிராந்தியத்தின் தலைநகரான எர்பிலில் வேலை என்றதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு. மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியர்களும் உயிரோடு இல்லை என்ற செய்தி அந்த 2018 மார்ச்சில்தான் உறுதியாகியிருந்தது. "மோசூலிலிருந்து அது எவ்வளவு தூரம்?" என்று மாமா கேட்டார். ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதைச் சொல்லாமல், "அது வேற நாடு மாதிரி மாமா" என்று சமாளித்தேன்.

விசாவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கொடுத்தது பாக்தாத் அல்ல, குர்திஸ்தான் பிராந்திய அரசு. விமான நிலையத்தில் நடுவில் சூரியன் போட்ட கொடி. ஆனால் பணம் ஈராக் தினார், அங்கே பிறந்தவர்கள் கையில் இருப்பதும் ஈராக் பாஸ்போர்ட்தான். 1988-இல் ஹலப்ஜாவில் குர்துகளை விஷவாயு வீசிக் கொன்ற சதாம் அரசு, 1991 எழுச்சிக்குப் பிறகு இந்தப் பகுதியிலிருந்து விலகியது. அடுத்த வருடமே குர்துகள் தேர்தல் நடத்தி அரசு அமைத்துவிட்டார்கள். ஈராக் அரசியல் சட்டம் அதை ஏற்றது 2005-இல்.

இக்காமா, அதாவது தங்கியிருப்பதற்கான அனுமதி அட்டை. அந்த வேலையை எங்கள் கம்பெனி மந்தூப் (அரசு அலுவலக வேலைகளைக் கவனிப்பவர்) பார்த்துக்கொண்டார். முதலில் எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. அது சரியாக வந்தால்தான் அடுத்த படி. அப்புறம் அசாயிஷ், அதாவது பிராந்தியத்தின் சொந்தப் பாதுகாப்புத் துறை. கைரேகை, போட்டோ, கேள்விகள். இதற்கு முன் ஈராக்கில் வேறு எங்காவது இருந்தாயா, அரபி தெரியுமா, உனக்குப் பொறுப்பு யார் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். பக்கத்திலேயே ஐஎஸ் பயங்கரவாதிகள் ஆண்ட மோசூல் இருக்கும்போது கேட்கத்தானே செய்வார்கள். எனக்கு எரிச்சல் வரவில்லை. விண்ணப்பம் குர்தியில் இருந்தது. துபாயில் இருந்துவிட்டு வந்த மலையாளி சேட்டன் எழுத்துக்கூட்டி வாசித்தார், ஆனால் ஒன்றும் புரியவில்லை. எழுத்து அரபி மாதிரி, மொழி வேறு. வெள்ளி, சனி விடுமுறை. மார்ச் கடைசியில் நவ்ரோஸ் என்ற புத்தாண்டுக்காக அலுவலகங்கள் மூடிக் கிடக்கும், அந்த நேரத்தில் காகிதம் கொடுத்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

கார்டு வந்ததும் ஈராக் முழுக்கச் சுற்றலாம் என்று நினைக்காதீர்கள். அது குர்திஸ்தானுக்குள் மட்டும்தான் செல்லும். இதில் முக்கியமான சிக்கல் கிர்குக். எர்பிலிலிருந்து குர்திஸ்தானின் இன்னொரு நகரமான சுலைமானியாவுக்குச் சமதளமான சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 2017 செப்டம்பரில் குர்துகள் தனி நாடு கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள், 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அக்டோபரில் ஈராக் ராணுவம் வந்து கிர்குக்கை எடுத்துக்கொண்டது. குர்திஸ்தானுக்கு வரும் பன்னாட்டு விமானங்களையும் பாக்தாத் சுமார் ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. ஆக, கிர்குக் சோதனைச் சாவடியில் நிற்பது பாக்தாத்தின் ஆட்கள். அங்கே எர்பில் இக்காமாவை நீட்டிப் பயனில்லை.

கோயா, தூகான் வழியாகப் போகும் மலைச்சாலைதான் நமக்கு. அதிலும் சுலைமானியா பக்கத்துச் சாவடியில் கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகே விட்டார்கள். எர்பில் பக்கம் ஒரு கட்சியின் கை, சுலைமானியா பக்கம் இன்னொன்றின் கை. தொண்ணூறுகளில் இரண்டும் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவை. அரசு ஒன்றாகிவிட்டாலும் அசாயிஷ் இன்னும் தனித்தனியாகத்தான் இயங்குகிறது.

ஷேர் டாக்சி ஓட்டுநர்கள் சிலர் கிர்குக் வழியாகவே விட்டுவிடுவார்கள். ஏறுவதற்கு முன்பே "கோயா வழி" என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.