ஒலிம்பியாவின் எதிரே

பாரிசில் சேன் ஆற்றின் இடது கரையில், 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட இரயில் நிலையம் 1986 முதல் ஓர்சே அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரே ஆண்டில், 1863-இல், வரையப்பட்ட இரண்டு ஓவியங்களைக் காணவே நான் அங்கே போனேன்.

முதலாவது, அலெக்சாந்தர் கபனெலின் 'வீனசின் பிறப்பு'. அலைகளின் மேல் ஆடையின்றிக் கிடக்கும் அவள், கையை நெற்றிமேல் மடித்து, கண்களைப் பாதி மூடியிருக்கிறாள். அவள் நம்மைப் பார்ப்பதில்லை என்பதால் எவரும் கூச்சமின்றி அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காதல் தேவதை என்ற பெயரும் காவலாக இருந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை விலைக்கு வாங்கினார்.

எதுவார் மானேயின் 'ஒலிம்பியா'வுக்கு அந்தக் காவல் இல்லை. கழுத்தில் கறுப்பு நாடாவும் கூந்தலில் பூவுமாகப் படுக்கையில் சாய்ந்திருப்பவள், பாரிசில் அன்று உடலை விற்று வாழ்ந்த பெண்களுள் ஒருத்தி என்பது பார்த்தவர்களுக்கு உடனே விளங்கியது. பணிப்பெண் நீட்டும் பூங்கொத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக நம்மையே பார்க்கிறாள். பூவை அனுப்பியவர் நிற்கவேண்டிய இடத்தில்தான் நாம் நிற்கிறோம் என்பது உறைத்தபோது, பெண்ணாகிய எனக்கே கால் ஓரடி பின்வாங்கியது. 1865-ஆம் ஆண்டு, நடுவர் குழு தேர்ந்தெடுத்த ஓவியங்களை மட்டுமே வைக்கும் பாரிசின் பெரிய கண்காட்சியான சலோனில் கூட்டம் கொதித்தெழ, ஓவியத்தைக் கைக்கெட்டாத உயரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நிர்வாணம் அந்தக் கூட்டத்துக்குப் பழகிய ஒன்றுதான். அவளுடைய பார்வையைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஒலிம்பியாவின் அந்த முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் விக்தோரின் மெரான். அவரும் ஓவியர். பாரிசின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் தூரிகை பிடித்தவர். 1876-இல் மானேயின் ஓவியங்களைத் திருப்பி அனுப்பிய அதே சலோன், மெரான் தம்மைத் தாமே வரைந்த ஓவியத்தை ஏற்றுக்கொண்டது. மாதிரிப் பெண் என்று மட்டுமே அவரைக் குறிப்பிடும் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள் என்பதால், இதை அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

பூங்கொத்தை ஏந்தி நிற்கும் கறுப்பினப் பெண்ணுக்கு மாதிரியாக இருந்தவர் பெயர் லோர். மானே அவர் பெயரையும் வீட்டு முகவரியையும் தமது குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். 2019-இல் இங்கே நடந்த கண்காட்சியில் இந்த ஓவியத்துக்குச் சில மாதங்கள் 'லோர்' என்றே பெயரிட்டிருந்தார்கள். பல ஆண்டுகளாக அச்சுப் பிரதிகளில் இதைப் பார்த்துவந்த எனக்கு அந்தப் பூக்களின் நிறம் நினைவிருந்தது. அவர் முகம் நினைவில் இல்லை. அன்று அருங்காட்சியகம் மூடும்வரை அந்த முகத்தின் எதிரே நின்றிருந்தேன்.