லேடீஸ் சீட்டில் சுழன்ற சேலம்

கேமரா அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஆண்டுகளாக முக்காலியைச் சுமந்து திரிந்த நான், இம்முறை ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவைத் திருகிப் பார்ப்பதற்கென்று ஏற்காடு சென்றிருந்தேன். நண்பரின் பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சேலத்தைப் பார்த்தபடி அமைந்த லேடீஸ் சீட் காட்சிமுனையை ஒட்டிய சாலையோரத்தில் முக்காலியை விரித்தபோது மணி ஆறரை. கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன.

முதல் பத்துப் படங்களும் வீண். முக்காலியின் தலைப்பகுதியிலுள்ள பந்து மூட்டைத் தளர்த்திக் கையால் சுழற்றியதில் கேமரா ஒரு பக்கம் தொங்கிவிட, வட்டமாக வரவேண்டிய கோடுகள் நசுங்கிய முட்டைகளாக விழுந்தன. சுழலும் அச்சும் லென்ஸின் அச்சும் ஒரே திசையில் அமைந்தால்தான் படத்தின் நடுப்புள்ளியைச் சுற்றி விளக்குகள் வட்டமிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்த 70-200 என்ற தொலைநோக்கு ஜூம் லென்ஸில் முக்காலியோடு பொருத்துவதற்கான வளையம் உண்டு. அதன் திருகைத் தளர்த்தினால் லென்ஸும் கேமராவும் அச்சு பிசகாமல் சுழலும். படத்தை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் எடுப்பதற்காகச் செய்த அந்த ஏற்பாடே எனக்கு வேண்டியதாக இருந்தது.

வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, படம் புடிக்கறப்ப ஆடக்கூடாதும்பாங்க, நீங்களே புடிச்சுத் திருகறீங்களே?" என்றார். "ஆட்டறதுக்குத்தானுங்க வந்திருக்கேன், ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸின் துளை எஃப் 11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 20 விநாடி என்று வைத்துக்கொண்டேன். முதல் 12 விநாடி தொடாமல் விட்டு, கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துத் திருகைத் தளர்த்தி, அட்டையை விலக்கியபடி ஏறத்தாழ 30 பாகை சுழற்றினேன். வானத்தின் விண்மீன்கள் மணிக்கு 15 பாகைதான் நகரும் என்பதால், அதே வளைவை அவை வரைய 2 மணி நேரம் ஆகியிருக்கும். என் கைக்கு 6 விநாடி போதுமானதாக இருந்தது. அசையாமல் நின்ற நேரம் ஊரை ஊராகக் காட்டியது, சுழன்ற நேரம் ஒவ்வொரு விளக்குக்கும் வால் வரைந்தது. சுழற்சி மட்டுமே உள்ள படம் வெறும் கோலம். அதில் சேலமும் ஒன்றுதான், சென்னையும் ஒன்றுதான்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நடுவிலிருந்த தெருவிளக்கின் வால் குட்டையாகவும் பளிச்சென்றும் இருக்க, ஓரத்திலிருந்த விளக்கின் வால் நீண்டு மங்கியிருந்தது. நடுவிலிருந்து விலக விலக, ஒரே நேரத்தில் கூடுதல் தூரம் ஓடவேண்டியிருப்பதால் ஒளி மெலிந்துபோகிறது. அதனால் மிகப் பிரகாசமான சந்திப்பை ஓரத்துக்குத் தள்ளி, மங்கலான பகுதியை நடுவில் வைத்தேன். படம் உடனே சமன்பட்டது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் இரைச்சலை, அதாவது நீண்ட பதிவில் படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளை, குறைப்பதற்காகக் கேமரா இன்னொரு 20 விநாடி இருட்டைத் தானாகப் பதிவு செய்துகொண்டிருக்க, நான் கடலையை உரித்தேன். மூன்றாவது தோலோடு மூடுபனி ஏறி, சேலத்தையே துடைத்துவிட்டது.

மறுநாள் காலை, காபித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்கடியில் நின்று, அகல லென்ஸை நேர் மேலே பிடித்துச் சுழற்றினேன். அங்கிருந்த ஒளிக்கு 1/125 விநாடியே போதும்; லென்ஸின் முன் மாட்டிய 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டாப்புக்கு ஒருமுறை என ஒளியை ஆறு முறை பாதியாக்கி, அதை அரை விநாடியாக நீட்டித் தந்தது. மிளகுக்கொடி சுற்றிய தண்டுகள் நடுவை நோக்கிச் சாய்ந்திருந்ததால் குறுக்கே இழுபட்டுக் கரைந்தன; இலைகளுக்கிடையே தெரிந்த வானம் வெள்ளை வளையங்களானது. இரண்டு படங்களைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டேன்.

இறங்கும்போது பின் இருக்கையில் அமர்ந்து, கேமராவை மடியில் வானம் பார்க்க வைத்து, 10 ஸ்டாப் ஃபில்டரோடு வளைவுக்கு ஒரு 8 விநாடி திறந்துவைத்தேன். இப்போது நான் திருகவேண்டியதில்லை, சாலையே திருகியது. குழிகளில் குலுங்கியதெல்லாம் கிறுக்கலாக வந்தன. ஒரே ஒரு வளைவில் நண்பர் லாரிக்கு வழிவிட்டுச் சிறிது நின்று, பிறகு மெதுவாகத் திரும்பினார்; அந்தப் படத்தில் மட்டும் கிளைகள் தெளிவாகவும் அவற்றைச் சுற்றி வானம் சுழன்றும் இருந்தன.