பாங்குக்கு முன்னால் ஒரு கையெழுத்து

சவுதியின் ஜுபைலுக்கு ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலைக்கு, கிளம்பிய தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, சவுதிக்கு முதல் தடவை போறேன். எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க." எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். எதெல்லாம் செய்யலாம் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. 2009 கடைசியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக நான் முதலில் போனபோது நானும் இப்படித்தான் கேட்டேன்.

என் வாய் தன்பாட்டுக்குப் பழைய பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அதில் பாதி காலாவதியாகிவிட்டது.

முத்தவா என்று நாங்கள் சொல்லும் மதக் காவலர்கள் கடைவீதியில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பார்கள். 2016-லேயே அவர்களுடைய கைது அதிகாரம் போய்விட்டது. பெண்கள் வண்டி ஓட்ட முடியாது என்பது 2018 ஜூனோடு முடிந்தது. ஓட்டலில் குடும்பத்துக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு ஒரு வாசல் என்ற கட்டாயம் 2019 டிசம்பரில் நீங்கியது. வியாழன், வெள்ளியாக இருந்த வார விடுமுறை 2013-லிருந்து வெள்ளி, சனி. தொழுகை நேரத்தில் எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கும் என்பதும் 2021-இல் தளர்ந்தது.

செய்தியாக இதெல்லாம் எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை. 2022-இல் ஒரு கமிஷனிங் வேலைக்காக, புதிதாகக் கட்டியதைச் சோதித்து ஓட விடும் வேலைக்காக, ஐந்து மாதம் மறுபடி போனேன். முதல் வாரம் சூப்பர் மார்க்கெட்டில் பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, ஒலித்ததும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, கையில் இருந்த பால் டப்பாவோடு பில் கவுண்டருக்கு ஓடினேன். கல்லாவில் இருந்த மலையாளிப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். கடை மூடாது, நிதானமாக வாங்குங்கள் என்றான். பழைய ஆள் என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்ன முதல் புத்தி: பத்து வருடத்துக்கு முன்னால் அங்கே இருந்தவன் சொல்வதை, என்னையும் சேர்த்து, அப்படியே நம்பாதே.

ஆனால் மாறாத ஒன்று உண்டு. அங்கே நாள் கடிகாரத்தால் மட்டும் ஓடுவதில்லை, தொழுகையாலும் ஓடுகிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன். பிளாண்டுக்குள் ஒரு போல்ட்டைத் தொடுவதென்றாலும் பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு, வேண்டும். அந்தப் பகுதியின் ஆபரேட்டர் நேரில் வந்து பார்த்து, கேஸ் டெஸ்ட் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் பதினொன்றேகாலுக்குப் பெர்மிட்டை நீட்டினேன். ஆபரேட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பாத் ஸலா" என்றார். தொழுகைக்கு அப்புறம். தொழுகை முடிந்தால் சாப்பாடு. எட்டு ஃபிட்டர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குக் குழாய் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபோர்மேனிடம் போய்க் குமுறினேன்.

அவர் பதில் பேசாமல் டூல்பாக்ஸைத் திறந்து மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். கிரீஸ் படிந்த ஒரு தாள், நான்கு மூலையிலும் இன்சுலேஷன் டேப். அந்த மாதத்தின் தொழுகை நேர அட்டவணை. நடுப்பகல் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் மட்டும் சிவப்புப் பேனாவால் வளைத்திருந்தார். "லுஹருக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கையெழுத்து நம்ம கையில இருக்கணும். ஆபரேட்டர் வேண்டாத வேலையை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வை. இதுல கோபப்பட என்ன இருக்கு?" அன்றைக்கு மாலையே நானும் ஒரு தாள் ஒட்டினேன்.

ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஒரே கடிகாரம். சூரியனுக்கு அது தெரியாதே! கிழக்குக் கரையில் இருக்கும் ஜுபைலில் லுஹர் வந்து சுமார் நாற்பது நிமிடம் கழித்துத்தான் மேற்குக் கரை ஜித்தாவில் வரும். ஜித்தாவிலிருந்து வந்த எங்கள் இன்ஜினியர் பழைய கணக்கை வைத்துக்கொண்டு மீட்டிங் போட்டு, வெற்று நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தார்.

'இன்ஷா அல்லாஹ்', அதாவது இறைவன் நாடினால், என்றால் நடக்காது என்று அர்த்தம் என நம் ஆட்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "நாளைக்கு முடியுமா?" என்று கேட்டால் இன்ஷா அல்லாஹ்தான் வரும், வேறென்ன சொல்வார்கள்? "இன்னும் யார் கையெழுத்து பாக்கி?" என்று கேட்டால் பெயரும் அறை எண்ணும் வரும்.

ரமலானில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். 2010-இல் ரமலான் ஆகஸ்டில் வந்தது. ஜுபைலின் ஆகஸ்டைப் பற்றி என்ன சொல்ல? கடல் ஈரமும் வெயிலும் சேர்ந்து மூக்குக் கண்ணாடி மூடிப்போகும். முஸ்லிம் தொழிலாளர்களுக்கு அந்த மாதம் நாளுக்கு ஆறு மணி நேர வேலைதான், சட்டப்படி. நோன்பு நமக்கில்லை என்றாலும் பகலில் பொது இடத்தில் தின்பதோ குடிப்பதோ சிகரெட் பிடிப்பதோ கூடாது. எங்களுக்கென்று ஜன்னலில் தாள் ஒட்டிய ஒரு கேபின் ஒதுக்கியிருந்தார்கள். அது சைட்டிலிருந்து கால் மணி நேர நடை.

ஒருநாள் அனலைசர் ஷெல்டருக்குள், சோதனைக் கருவிகள் இருக்கும் சிறு அறைக்குள், தனியாக இருந்தேன். கதவு திறந்தே இருந்தது. தொண்டை வறண்டு, பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் குந்தி, இரண்டு மடக்கு குடித்தேன். நிமிர்ந்தால் வாசலில் அந்த யூனிட்டின் சவுதி ஆபரேட்டர். உதடு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. விடியற்காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாதவர். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. வெளியே போனார், கதவைச் சாத்தினார். எங்கே புகார் செய்யப் போகிறாரோ என்று பாட்டிலை மூடிக்கொண்டு வெளியே ஓடி வந்தால், கதவுக்குப் பக்கத்திலேயே வெயிலில் நிற்கிறார். "கலாஸ்?" என்றார். முடிந்ததா? முடிந்தது என்றேன். உள்ளே வந்து ரீடிங் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நோன்பாளி முன் குடிக்காதே என்பதைச் சட்டம் என்றுதான் அதுவரை வைத்திருந்தேன்.

சாயங்காலம் அவர்தான் நோன்பு திறக்கும் இஃப்தாருக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டால் போக வேண்டும். பேரீச்சம்பழம், ஏலக்காய் மணக்கும் வெளிறிய அரபுக் காபி, கஹ்வா. வலது கையால் வாங்க வேண்டும். போதும் என்றால் குட்டிக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். வாயால் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டினால் ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். தரையில் உட்காரும்போது உள்ளங்கால் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் மடக்கிக்கொள்ள வேண்டும். நமக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை, வீட்டிலேயே பழகியதுதான்.

சரி, எதில் விளையாடக் கூடாது? தம்பி எதிர்பார்த்தது இதைத்தான். முதலில் கசகசா. சிரிக்க வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சார்ந்த தடைப் பொருள். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கலந்திருக்கும், நமக்கே தெரியாது. கேட்டுவிட்டுப் பையில் வை. டிரமடால், கோடீன் மாதிரி மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு மட்டும் போதாது, முன் அனுமதி வேண்டும். போதைக் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. யாருடைய பார்சலையும் வாங்கிக்கொண்டு போகாதே. மதுவுக்கு 1952-லிருந்து தடை. கேம்ப்களில் 'சித்தீக்கி' என்று கள்ளச்சாராயம் சுற்றும். கூப்பிடுகிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்த அறைக்குள் போகாதே. பிளாண்ட், அரசு கட்டடம், முன்பின் தெரியாத பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதே. மத, அரசியல் ஃபார்வர்டுகளை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடு. 2007-லிருந்தே அங்கே சைபர் குற்றச் சட்டம் உண்டு. ஜித்தாவிலிருந்து தாயிஃப் போகும்போது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மக்காவைச் சுற்றிக்கொண்டு போகும் தனிச் சாலை. பலகையைப் பார்த்துப் போ, மேப்பை மட்டும் நம்பாதே. பிசினஸ் விசாவில் போய் ஸ்பேனர் பிடிக்காதே.

பாஸ்போர்ட் உன் கையில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் காலத்தில் நான் இருந்த கம்பெனி வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தபோது சாவி வைத்திருந்தவர் லீவில் இருந்தார். மூன்று நாள்.

பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் பெண் ஒருவர் என்னைக் கேட்டார். அபாயா, அந்த நீண்ட மேலங்கி, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். போய்விட்டு வந்து சிரித்தார். 2019-இல் சுற்றுலா விசா தொடங்கியதிலிருந்தே வெளிநாட்டுப் பெண்களுக்கு அது கட்டாயமில்லை. உடம்பை மூடிய தளர்வான உடை போதும். இந்தக் கேள்வியை என்னைப் போன்ற ஆளிடம் கேட்டிருக்கவே கூடாது.

2022-இல் கண்ட்ரோல் ரூமில் என் வேலையைச் சரிபார்க்க வந்தவர் ஒரு சவுதிப் பெண் இன்ஜினியர். முதல் தடவை நான் அங்கிருந்த மூன்று வருடமும் வேலையிடத்தில் ஒரு சவுதிப் பெண்ணோடு பேசியதில்லை. எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கையை நீட்டாமல் நெஞ்சில் வைத்து சலாம் சொன்னேன். அவரும் அப்படியே சொன்னார். வயர் இணைப்புகளைக் காட்டும் லூப் டிராயிங்கை விரித்து, நான் இரண்டு டெர்மினலை மாற்றிக் கொடுத்திருந்ததைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். அந்த நேரம் பாங்கு ஒலித்தது. நான் பேனாவை மூடி, எழுந்து, "பாத் ஸலா" என்றேன், அனுபவசாலி தோரணையில்.

"உட்காருங்கள். தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வயரை முடித்துவிட்டுப் போகிறேன்" என்றார்.

இதைக் கேட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ அந்த அட்டவணை வேண்டாமாண்ணே?"

"ஒட்டி வை" என்றேன்.